கணக்கில் வராத பங்கு

வலியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிற காலம் வந்தபோது, முதலில் வெளிச்சத்துக்கு வந்தது யார் யாருக்கு உறவு என்பதுதான்.

சொத்தில் பங்கு கேட்டு மல்லுக்கு நின்றவர்கள், வலியை வாங்குகிற பட்டையை மணிக்கட்டில் கட்டச் சொன்னதும் வாசலில் செருப்பைத் தேடினார்கள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தையே இல்லாத எதிர்வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெற்ற மகனுக்கு பஸ் கிடைக்கவில்லை. மருமகள் கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்து, "எனக்குக் கட்டுங்க" என்றாள். இப்படியெல்லாம் ஆகும் என்று பட்டையைக் கண்டுபிடித்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பாவம், நரம்பைப் பற்றி மட்டும் படித்தவர்கள்.

தங்கபுஷ்பம் படித்தது நோயாளிகளைப் பற்றி. திருச்செந்தூருக்குத் தெற்கே, ராக்கெட் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் அவள் தலைமைச் செவிலி. கடல் இரண்டு தெரு உள்ளே ஏறிவந்த பிறகு மேட்டுப் பக்கமாகப் பார்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி அது. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே குறைவு. முற்றிப்போன நோய்க்காரர்களும், வயதில் தளர்ந்து எழ முடியாதவர்களும் கடைசிக் காலத்தைக் கழிக்க வருகிற இடம். அவர்களுக்கு எந்தப் பணிவிடையை எப்படிச் செய்தால் வேதனை குறைகிறது என்பதுதான் தங்கபுஷ்பத்தின் ஆய்வு. பட்டை வந்ததும் அதையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் நீளக் கூடத்தில் அப்போது வலியைப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தவர் வெயிலுமுத்து. லாரி ஓட்டியவர். புற்று எலும்பைப் பிடித்திருந்தது. மருந்து கொடுத்தால் வலி போகும், கூடவே அவருடைய நினைவும் போய்விடும். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மயங்கிக் கெடக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? இருக்குத கொஞ்ச நாள்ல வீட்டுக்காரி கூட நாலு வார்த்தை சண்டை போட வேண்டாமா?" என்றார்.

முதல் நாள் பட்டையைக் கட்டும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது கரண்டு மாதிரி சுர்ருனு அடிக்குமாம்மா?"

"அடிக்காது அண்ணாச்சி. உங்க வலிய இது அளந்துபாத்து, இங்க யாரெல்லாம் பட்டை கட்டியிருக்காவளோ அவுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கும். அவுக வாங்குத அளவு உங்களுக்குக் குறையும். கொஞ்ச நேரந்தான். ஆனா அந்த அசதி போறதுக்கு நாள் முழுக்க ஆகும்."

"அப்ப நயினாருக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க. கல்யாணத்துல எனக்குப் போட்ட மோதிரம் பித்தளை."

நயினார் அவருடைய மச்சான். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் கொதித்துப்போனார். "அத்தான், அது எங்கய்யா போட்டது. நான் அப்ப டவுசர் போட்டுட்டு அலைஞ்சேன். அதை இன்னும் சொல்லிட்டு இருக்கிய."

"ஏ, சும்மா இரிங்க ரெண்டு பேரும்" என்றாள் சொர்ணவடிவு, வெயிலுமுத்துவின் மனைவி. பிறகு தங்கபுஷ்பத்திடம் மெதுவாகக் கேட்டாள்: "இவுக வலி எங்களுக்கு வேண்டாம்னு யாராவது உள்ளுக்குள்ள நெனச்சா?"

"நெனச்சாப் போகாதுக்கா. தூங்குறவுகளுக்கும் போகாது. 'வாங்கிக்கிடுதேன்'னு மனசு திறந்தாத்தான் போகும். அதுக்குப் பூட்டு உள்ளதான் இருக்கு. வெளியே இருந்து யாரும் திறக்க முடியாது."

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் வெயிலுமுத்து. "அப்ப யாரு யாருக்கு என்ன மனசுனு இன்னைக்குத் தெரிஞ்சுபோகும்."

ஒரு சட்டமும் இருந்தது. முழு நினைவோடு கையெழுத்துப் போட்டவர்கள் மட்டுமே அடுத்தவர் வலியை வாங்கலாம். அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் சில பெரிய வீடுகளில், வேலைக்கு நின்ற பெண்களை நயமாகப் பேசிச் சம்மதிக்கவைத்துப் பட்டையைக் கட்டியிருக்கிறார்கள். எஜமானிக்கு இடுப்புவலி, அடுப்படியில் நிற்கிறவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மனசு திறப்பது வேறு, திறக்கவைப்பது வேறு அல்லவா? அதனால்தான் அவ்வளவு கெடுபிடி.

பங்கு கொடுப்பதற்கு முன்னால் தங்கபுஷ்பம் கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "சொர்ணவடிவக்கா, வாங்கிக்கிடுதியளா?" "வாங்கிக்கிடுதேன்." "நயினாரண்ணே, வாங்கிக்கிடுதியளா?" "ம்... வாங்கிக்கிடுதேன்." லாரி ஷெட்டிலிருந்து வந்த கூட்டாளிகளையும் இப்படியே கூப்பிட்டு முடித்ததும், ஜன்னலோரம் இருந்த கடைசிக் கட்டிலின் பக்கம் திரும்புவாள்.

"ஆவுடையக்கா, நீங்களும் வாங்கிக்கிடுதியளா?"

ஆவுடையம்மாள் பதில் சொல்ல மாட்டாள். மூளையில் ரத்தம் கட்டி மூன்று வருஷமாகப் பேச்சில்லை, அசைவில்லை. கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எல்லா நோயாளிகளையும் போல அவள் கையிலும் அதே பட்டை உண்டு, நாடித்துடிப்பும் உடம்புச் சூடும் பார்ப்பதற்காக.

அவளைக் கூப்பிட வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் தங்கபுஷ்பத்தின் கை பழகிய விதம் அப்படி. நினைவில்லாதவர்களைத் தொடுவதற்கு முன்னால்கூட, "நான் தங்கம் வந்திருக்கேன், திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். பந்தியில் பரிமாறிக்கொண்டு வருகிறவள் ஓர் இலையை மட்டும் தாண்டிப் போவாளா? அது மாதிரி ஒரு கட்டிலைக் கூப்பிடாமல் தாண்ட அவளுக்கு வராது. செவிலிப் பழக்கம், மரியாதைக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் என்று அவளே நினைத்திருந்தாள்.

பங்கு நடக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலுமுத்துவின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விரியும். அதே நேரம் நயினார் தொடையைப் பிடித்துக்கொண்டு, "யாத்தே, இத்தனையும் வச்சுக்கிட்டா நீரு பித்தளை மோதிரத்தப் பேசுனீரு?" என்று அலறுவார். சொர்ணவடிவு சத்தம் காட்ட மாட்டாள். கண்ணை மூடி, கணவனின் நோவை எங்கே எங்கே என்று தேடிப்போய்ப் பார்க்கிறவள் போல உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் முடிந்ததும் சொன்னாள்: "நாப்பது வருசமா பக்கத்துல படுத்திருக்கேன். இவுக உள்ள போயிட்டு வந்தது இப்பத்தான்."

ஆய்வில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வெயிலுமுத்துவிடமிருந்து எவ்வளவு வலி போனது, மற்றவர்களுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கருவியின் திரை காட்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. போனது அதிகம், வந்தது குறைவு. நடுவில் ஒரு பங்கு எங்கேயோ காணாமல் போனது. சாதாரணப் பங்கும் அல்ல, ஓர் ஆள் தனியாகத் தாங்குகிற அளவு.

"பட்டையில எங்கயாவது கசியும்" என்றார் டாக்டர் பரமார்த்தலிங்கம். நல்ல மனிதர். நோயாளியிடம் குரலை உயர்த்தியதே இல்லை. கணக்கு இடித்தால் மட்டும் அவருக்குத் தூக்கம் வராது. "தண்ணிக் குழாய்ல போறதெல்லாமா வீட்டுக்கு வந்து சேருது? ஆனா இப்படிக் கசிஞ்சா உங்க ஆய்வை யாரும் ஏத்துக்க மாட்டாங்க சிஸ்டர்."

"வலி கசிஞ்சா எங்க போவும் டாக்டர்? தரையில சொட்டுமா?"

அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சு எடுத்தார். ஆவுடையம்மாளைப் பற்றிய பேச்சு. அவளுடைய ஒரே மகள் உலகம்மை, தூத்துக்குடி துறைமுகத்தில் பளு தூக்கும் எந்திரம் ஓட்டுகிறவள். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போவாள். அவள் கடைசியில் சம்மதித்துவிட்டாள். வரும் வியாழக்கிழமை குழாயை எடுத்துவிடுவது, அமைதியாகப் போகவிடுவது என்று முடிவாகியிருந்தது.

"அந்தப் பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "'எங்கம்மா உள்ள இருந்தா இன்னும் பத்து வருஷம் பாப்பேன், அவ இல்லாத உடம்பை யாருக்காக வச்சிருக்கணும்'னு கேட்டா."

உள்ளே ஆள் இருக்கிறதா என்று காட்டுகிற கருவி எதுவும் அந்தக் காலத்திலும் வரவில்லை. ராக்கெட் சந்திரனுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கட்டிலில் கிடப்பவளின் கண்ணுக்குப் பின்னால் மட்டும் யாரும் போய்வர முடியவில்லை.

அந்த வாரம்தான் தங்கபுஷ்பத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே எழும்பவில்லை. பங்கு கொடுக்கிற வேலையை லீமாவிடம் விட்டுவிட்டு, மருந்து அறையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். லீமா மணப்பாட்டுப் பெண், வேலையில் படு சுட்டி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வெயிலுமுத்து போட்ட சத்தத்தில் தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"இன்னைக்குக் குறையலயே! எவம்ல அங்க தூங்குதது? நயினாரு, நீதானா?"

"நானா? எனக்கு இன்னைக்கு உசுரே போவுது அத்தான்! மத்த நாளைவிடக் கூட வந்திருக்கு!"

தங்கபுஷ்பம் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். போனதும் வந்ததும் ஒன்றுக்கொன்று சமம். ஒரு துளி குறையவில்லை. ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாகக் கணக்கு நேராகியிருந்தது.

லீமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளாக்கா, என் கைராசி. கசிவு நின்னுட்டு."

"நீ என்ன செஞ்ச?" தங்கபுஷ்பத்துக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

"நீங்க செய்யுத மாதிரியேதான். ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிட்டேன்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். ஆவுடையக்காவ மட்டும் கூப்பிடல. அவுகளுக்கு எங்க கேக்கப் போவுது?"

தங்கபுஷ்பம் திரும்பி ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். கடல் காற்றில் திரைச்சீலை அவள் காலைத் தொட்டுத் தொட்டு விலகியது.

ஒவ்வொரு தடவையும் அவள் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

வாங்குகிற வழி எல்லாப் பட்டையிலும் திறந்தேதான் இருக்கும். பூட்டு மனசு என்பதால் தனியாக அடைத்து வைப்பதில்லை. மனசே இல்லை என்று எழுதப்பட்டவளின் பட்டையை அடைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவள் கையெழுத்துப் போட்டவள் இல்லை, அதனால் அவளுடைய பங்கு திரையின் கணக்கிலும் சேரவில்லை.

மறுநாள் குரல் கொஞ்சம் தெளிந்ததும், கணக்கில் ஆவுடையம்மாளின் பட்டையையும் சேர்த்துக்கொண்டு, தங்கபுஷ்பம் எல்லாரையும் கூப்பிட்டாள். கடைசியில் அந்தக் கட்டிலருகே போய்க் குனிந்தாள். இத்தனை காலம் போகிறபோக்கில் கேட்டதை இன்று பயத்தோடு கேட்டாள்.

"ஆவுடையக்கா... வாங்கிக்கிடுதியளா?"

ஆவுடையம்மாளின் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. ஆனால் லீமா திரையைப் பார்த்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள். மற்ற எல்லாரையும்விடப் பெரிய பங்கு அந்தக் கட்டிலுக்குப் போயிருந்தது. பெற்ற பிள்ளைகூட வாங்கத் தயங்குகிற வலி. அதை வாங்கிக்கொண்டு, முகம் கோணாமல், ஒருவரிடமும் சொல்ல வழியில்லாமல் அவள் கிடந்தாள்.

தங்கபுஷ்பம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ சாவைப் பார்த்தவள். கையில் பிடித்த கை குளிர்ந்துபோவதை அறிந்தவள். உயிரோடிருக்கும் ஒருத்தியைக் கண்டு இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"அக்கா, வெளியே சொல்லாதிய" என்றாள் லீமா காதோடு. "கையெழுத்துப் போடாதவுகளை வாங்க வச்சுட்டோம். சட்டப்படி தப்பு. ஆய்வு போயிரும். உங்க வேலையும் போயிரும்."

"சொல்லாட்டா வியாழக்கிழமை குழாய எடுத்துருவாவ லீமா. உள்ள ஆளு இருக்கு. இருக்குனு நமக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்பிடிச் சும்மா இருக்கது?"

அவள் சொன்னாள். புதன்கிழமை மத்தியானம், டாக்டரையும் உலகம்மையையும் கூடத்துக்கே வரவழைத்துச் சொன்னாள். அன்று ராக்கெட் கிளம்புகிற நாள். அப்படிப்பட்ட நாளில் எல்லா நோயாளிகளையும் ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிப் படுக்க வைப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். லீமா அவசர அவசரமாக ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டு வந்தாள். பார்க்கிறாளோ இல்லையோ என்று ஆவுடையம்மாளையும் இடதுபக்கம் சாய்த்துவிட்டாள்.

உலகம்மை கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் கறுத்தது.

"பேச முடியாத எங்கம்மா மேல, ஊராம் வலியக் கொண்டுவந்து ஊத்தியிருக்கியளா? கத்தக்கூட முடியாதே அவளால! இதுக்கா ஞாயித்துக்கிழமை தோறும் உங்களக் கும்பிட்டுட்டுப் போனேன்?"

தங்கபுஷ்பம் தலைகுனிந்து நின்றாள். "தப்புதான்மா. தெரியாமச் செஞ்சது. ஆனா வாங்கினது உங்கம்மா. வேண்டாம்னு நெனச்சிருந்தா ஒரு துளிகூடப் போயிருக்காது."

"சிஸ்டர்" என்றார் டாக்டர் மிக மெதுவாக. "எனக்கும் ஆசைதான். ஆனா நாளைக்கு ஒரு முடிவு எடுக்கணும், அதனால கேக்கேன். ஸ்பாஞ்சு தண்ணிய உறிஞ்சுது. அதுக்கு மனசு இருக்குன்னா அர்த்தம்? உங்க குரல் கேட்டு நரம்பு தானா திறந்திருக்கலாம். அங்க ஒரு ஆள் இருக்கணும்னு இல்லை."

வெயிலுமுத்து தன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆவுடைன்னா... தெனமும் காதுல விழுந்த பேருதான், எந்த ஆவுடை? உடன்குடி ரேசன் கடையில எடை போட்ட ஆவுடையா?"

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

"அடப்பாவி." அவர் தலையணையில் சாய்ந்துவிட்டார். "இந்தப் பொம்பளைகிட்ட நான் சண்டை போட்டிருக்கேன். சீனி எடை குறையுதுனு கடை முன்னால நின்னு கண்டமானிக்கு வஞ்சேன். ஊரே கூடிட்டு. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலியே அவ. என் பையை வாங்கி, எல்லாரு முன்னாலயும் திரும்ப எடை போட்டுக் காட்டினா. சரியா இருந்துது. அப்பவும் நான் தராசைத்தான் குத்தம் சொல்லிட்டு வந்தேன்."

சொர்ணவடிவு அவர் கையைத் தொட்டாள். அவர் அதை விலக்கிவிட்டுத் தன் மணிக்கட்டிலிருந்த பட்டையைப் பிய்க்கப் பார்த்தார்.

"கழட்டுங்கம்மா இத. அவ மேல ஏத்தின என் வலி எனக்கே இருக்கட்டும்."

"அண்ணாச்சி, பொறுங்க."

"என்னத்தப் பொறுக்க? இத்தன நாளும் அவ என்னுதை எடுத்துக்கிட்டுக் கிடந்திருக்கா." அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிதானித்துவிட்டு, டாக்டரைப் பார்த்துக் கேட்டார்: "அவகிட்ட என்ன வலி இருக்குனு உங்கள்ல யாராவது கேட்டியளா?"

யாரும் கேட்கவில்லை. அது உண்மை. வாயால் சொல்லக்கூடியவர்களிடம்தான் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பட்டை இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆவுடையம்மாளிடமிருந்து வாங்கிப் பார்க்கலாம் என்று தங்கபுஷ்பத்துக்கே தோன்றியதில்லை.

"அவ வலிய இந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க" என்றார் வெயிலுமுத்து. "முதல் பங்கு எனக்கு."

"உங்க உடம்புக்கு ஆகாது அண்ணாச்சி."

"ஆகாட்டா என்ன, சீக்கிரமே போயிருவேனோ?"

அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நயினார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினார். "எனக்கும் போடுங்க. அத்தான் வாங்கும்போது நான் வாங்காம இருந்தா அதையும் நாப்பது வருசம் சொல்லுவாக." சொர்ணவடிவு நீட்டினாள். லீமா தனக்கு ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டாள். உலகம்மை தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமலே கையைக் கொடுத்தாள். கடைசியில் டாக்டர் பரமார்த்தலிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இத்தனை காலத்தில் அவர் பட்டை கட்டியதே இல்லை.

"மூணு வருஷம் அசையாமக் கிடந்த உடம்பு. எல்லாரும் உக்காந்துக்கோங்க. தாங்க முடியலைன்னா உடனே கழட்டிருங்க" என்றார்.

எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பமும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆவுடையம்மாளுக்கு அருகில் போய் நின்றாள். இப்போது கேட்க வேண்டியது வேறு. அந்த வார்த்தை அவள் வாயில் பழகியிருக்கவில்லை.

"ஆவுடையக்கா, நான் தங்கம். உங்க மக உலகு வந்திருக்கா. எல்லாரும் இருக்கோம். இத்தன நாளும் நீங்க வாங்கினிய. இப்ப நாங்க வாங்கிக்கிடுதோம். உங்களுக்கு எங்க வலிக்கி? குடுங்க."

ஒன்றும் வரவில்லை.

தூரத்தில் ஒலிபெருக்கியில் ராக்கெட்டுக்கான எண்ணிக்கை காற்றில் வந்து கலைந்தது. நயினார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். டாக்டர் பெருமூச்சு விட்டார். அவர் கை மெல்லப் பட்டையை அவிழ்க்கப் போனது.

போன கை பாதியில் நின்றது. நின்ற கை மேலே ஏறியது. டாக்டர் தன் இடது காதைப் பிடித்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். தன்னுடைய கையும் இடது காதில் இருப்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தாள். காது மடல் இரண்டாக மடிந்து, அதன் மேல் ஒரு பாரம் ஏறி அழுத்துகிற மாதிரி, விண்விண்ணென்று ஓர் எரிச்சல். அவள் மெல்லத் திரும்பினாள். சொர்ணவடிவு இடது காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நயினாரும் அப்படியே. லீமாவும் அப்படியே. வெயிலுமுத்து கையை உயர்த்தி இடது காதைப் பொத்தியிருந்தார். உலகம்மை, பின்னல் போடும்போது அம்மாவின் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்குவாளே, அதே விதமாகத் தன் காதின் மேல் விரலை வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ராக்கெட் கிளம்பியது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது, கூடம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் வந்து நிறைந்தது. அந்த ஜன்னலோரத்தில் பட்டை கட்டியிருந்த ஒருவரும் வெளியே பார்க்கவில்லை.

லீமாதான் முதலில் கத்தினாள். "ஐயையோ! அவசரத்துல திருப்பிப் போட்டேன்... காதை எடுத்துவிடல!"

தங்கபுஷ்பம் குனிந்தாள். "தலையத் தூக்கப் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, ஆவுடையம்மாளின் தலைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தலையணைக்கும் தலைக்கும் நடுவே இடது காது மடிந்து, சிவந்து, ரத்தம் கட்டிப்போய் இருந்தது. அதை விரலால் மெல்ல விரித்துவிட்டாள். விரித்த அந்தக் கணமே அவள் காதில் குளிர்ச்சி ஏறியது. அவளுக்குப் பின்னால் எல்லாரும் ஒரே மூச்சாக, "ஹா..." என்றார்கள்.

எவ்வளவோ வலியைக் கேட்காமல் சுமந்தவள். கேள் என்றதும் அவள் கேட்டது இதுதான். காதை எடுத்துவிடுங்கள்.

உலகம்மை கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு அந்தக் காதில் வாயை வைத்தாள். "அம்மா, நான் உலகும்மா. நீ போயிட்டேன்னுல்ல நெனச்சேன். இங்கனயேதான் இருந்தியா?" திரும்பி டாக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. வியாழக்கிழமை வேண்டாம் என்று. டாக்டரும் தலையசைத்தார். அவர் கை இன்னும் காதைவிட்டு இறங்கவில்லை.

"பாத்தியளா" என்றார் வெயிலுமுத்து தலையணையில் கிடந்தபடி. கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. என்ன இருக்கோ அத எடை போட்டுக் குடுத்திருக்கா. தராசு அன்னைக்கும் சரியாத்தாம்ல இருந்திருக்கு."

ராக்கெட்டின் சத்தம் வானத்தில் தேய்ந்து போனது. தங்கபுஷ்பம் ஆவுடையம்மாளின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சட்டம் என்ன சொல்லும், ஆய்வு என்ன ஆகும் என்பதெல்லாம் நாளைக்கு. இப்போது கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"அக்கா, வேற எங்க?"

ஒருவரும் பட்டையைக் கழற்றவில்லை. எல்லாரும் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, தங்கள் உடம்பையே காதாக்கிக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் பரமார்த்தலிங்கம் எழுந்தார். கட்டிலின் கால்பக்கம் போய்த் தரையில் முட்டி போட்டார். ஆவுடையம்மாளின் இடது குதிகாலைத் தூக்கி, அதன் அடியில் சுருண்டு கிடந்த விரிப்பைத் தன் கையாலேயே நீவி நேராக்கினார்.